வளர்பிறையில் வெட்டுவதில்லை

மார்ச் 8, புதன்

இன்று உர மூட்டையைப் படித்தேன். முழுதாக. ‘ஈரம் படாத இடத்தில் வைக்கவும்’ என்று போட்டிருக்கிறது. முப்பது வருடமாக இதே மூட்டையைச் சுமந்து வந்து ஈரம் படும் இடத்தில்தான் வைத்திருக்கிறேன். மனைவி பெர்த்தாவிடம் சொன்னேன். “இவ்வளவு நாளா மூட்டை உன்கிட்ட கத்திக்கிட்டே இருந்திருக்கு, பாவம்” என்றாள்.

என் பெயர் ரைனோல்டோ. வயது எழுபத்து நான்கு. இதை நானே எழுதுகிறேன்.

ஆசிரியை ஜூசாரா இந்த நோட்டைக் கொடுத்து, நாளைப் போட்டு மனசில் வருவதை எழுதுங்கள், யாரும் திருத்த மாட்டார்கள் என்றாள். புதன்கிழமை மதியம் ஆலயக் கூடத்தில் வகுப்பு. ஏழு கிழடுகள். சிறு வயதில் நாங்கள் பள்ளிக்கூடம் போனபோது வாத்தியார் பேசியது நாட்டு மொழி, எங்களுக்குத் தெரிந்தது குளிர் நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தாத்தாக்களின் பொமரேனியன் மொழி, வீட்டில் பேசுவது. அவர் கேட்டதும் புரியவில்லை, அடித்ததும் எதற்கென்று புரியவில்லை. மூன்றாம் மாதம் மண்வெட்டிக்கே திரும்பிவிட்டேன்.

கை வலிக்கிறது. காபி ஆறிவிட்டது. ஆனாலும் ஒரு பக்கம்.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லைப் படித்தேன். ‘கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்.’ அவர் உயிரோடு இருந்தவரை இளைப்பாறி நான் பார்த்ததில்லை.

மார்ச் 24, வெள்ளி

விவசாயிகள் சங்கம் கொடுத்த காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காலையில் காபியை ஊற்றி வைத்துவிட்டு பெர்த்தா கேட்கிறாள்: “என்ன சொல்லுது இன்னைக்கு?” நான் எழுந்து போய் விரலை வைத்துப் படிக்கிறேன். கிழமை, தேதி, எந்தப் பரிசுத்தவானின் நாள், வளர்பிறையா தேய்பிறையா. அவள் அடுப்புப் பக்கம் திரும்பியபடியே கேட்டுக்கொள்கிறாள்.

இன்று வளர்பிறை என்று படித்தேன். பீன்ஸ் விதைத்தோம். உருளைக்கிழங்குக்கு இன்னும் இரண்டு வாரம் போக வேண்டும். மண்ணுக்கு அடியில் விளைவதெல்லாம் தேய்பிறையில். வெட்டுவதும் தேய்பிறையில். வளரும் நிலாவில் வெட்டிய மூங்கிலை வண்டு தின்னும், காயடித்த பன்றிக்கு ரத்தம் நிற்காது. இது யாரும் எழுதி வைத்துக் கற்றதில்லை. ஆனால் எழுதியும் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 2, ஞாயிறு

நேற்று மாலைக் குளியல். சனிக்கிழமைதோறும் அவள் முதுகை நான் தேய்ப்பேன், என் முதுகை அவள். ஐம்பத்தோரு வருடப் பழக்கம். இடது தோள்பட்டைக்குக் கீழே அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. கல்யாணத்தன்றே பார்த்திருக்கிறேன், மிளகு அளவு. இப்போது காபிக் கொட்டை அளவு. ஒரு பாதி பழுப்பு, ஒரு பாதி கறுப்பு. ஓரம் எலி கடித்த ரொட்டி மாதிரி.

“இது எப்போ இவ்வளவு பெருசாச்சு?” என்று கேட்டேன்.

“முதுகுல இருக்கறது உன் சொத்து. என்னைக் கேட்டா?” என்றாள்.

அவள் சொல்வது சரி. அவளால் பார்க்க முடியாது. நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 29, சனி

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நகரத்திலிருந்து தோல் டாக்டர்கள் ஆலயக் கூடத்துக்கு வருவார்கள். இந்த வெயிலுக்காகச் செய்த தோல் இல்லை எங்களுடையது. ஒவ்வொரு வீட்டிலும் மூக்கு நுனியிலோ காதிலோ ஒரு துண்டு இல்லாத ஆள் உண்டு. வரிசையில் நின்றவர்களைப் பார்த்தால் உரித்த தக்காளிக் கூடை மாதிரி இருந்தது. போதகரும் சட்டையைக் கழற்றி நின்றார். “பிரசங்கத்துக்கு மேல இதுக்குத்தான் கூட்டம்” என்று தானே சொல்லிச் சிரித்தார்.

டாக்டர் பெயர் தெல்மா. என் மகளாக இருக்கும் வயது. விளக்கு வைத்த சின்னக் கண்ணாடியை மச்சத்தின் மேல் வைத்து ஒரு கண்ணால் பார்த்தாள். பேசிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்தார். அளவுகோல் வைத்து அளந்து எழுதிக்கொண்டார்கள்.

“இதை எடுத்து, என்னன்னு சோதிச்சுப் பாக்கணும், பெர்த்தா அம்மா. இன்னைக்கு அறுவைப் பட்டியல் நிரம்பிப் போச்சு. வியாழக்கிழமை நகரத்துக்கு வர முடியுமா?”

இரண்டு பஸ், மூன்று மணி நேரம். பெர்த்தாவுக்கு மலை வளைவில் வாந்தி வரும். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அப்படியானால் அடுத்த தடவை முதல் ஆள் நீங்கள்தான், தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தாள் டாக்டர்.

தாளை நானே படித்தேன். ‘மே 27, சனி, காலை 8 மணி.’ டாக்டர் கொடுத்த தாளை எங்கள் வீட்டில் ஒருவர் படித்தது இதுதான் முதல் தடவை. வரும் வழியெல்லாம் அதை மடிக்காமல் கையிலேயே பிடித்து வந்தேன்.

மே 24, புதன்

வகுப்பிலிருந்து வந்ததும் காலண்டரில் 27-ஐத் தேடினேன். கட்டத்துக்குள் பாதி நிலா. வளர்பிறை.

இரண்டு தடவை படித்தேன். வளர்பிறைதான்.

அப்பாவின் கழுத்து மருவைச் சித்தப்பா சவரக் கத்தியால் அறுத்தது வளர்பிறையில். ஒன்று போன இடத்தில் மூன்று வந்தது. நான் கண்ணால் பார்த்தது. டாக்டர்கள் நல்லவர்கள், ஆனால் நகரத்தில் கூரைக்கு மேல் யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

“என்ன சொல்லுது?” என்று கேட்டாள்.

“வளர்பிறை.”

“அப்போ?”

“அடுத்த மாசம் போவோம்.”

“படிச்ச மனுஷன் சொன்னா சரிதான்” என்றாள். கேலிதான். இருந்தாலும் கேட்க இனித்தது. எழுதி வைக்கிறேன்.

மே 27, சனி

காபி பறித்தோம். எட்டு மணிக்கு டாக்டர்களின் வெள்ளை வண்டி கீழ்ச்சாலையில் போனது. நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். பிறகு பறித்தோம்.

ஜூன் 21, புதன்

ஜூன் 24-ம் வளர்பிறை.

இதென்ன என்று தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஜூலை 29, வளர்பிறை. ஆகஸ்ட் 26, வளர்பிறை. நிலாவுக்கும் மாதத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம். கடைசிச் சனிக்கிழமை ஒவ்வொரு தடவையும் அதே குழியில்தான் விழுகிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். செப்டம்பர் 30-ல்தான் வெளியே வருகிறது. அதற்கு முந்தின நாள் பௌர்ணமி.

சாப்பிடும்போது அறிவித்தேன்: செப்டம்பர் 30. பெர்த்தா விரல் விட்டு எண்ணினாள். “பறிப்பும் முடிஞ்சிடும்” என்றாள். மகன் எல்மாரும் மருமகள் லெனிரும் இருந்தார்கள். லெனிர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எல்மார் கஞ்சிச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

சுகாதார நிலையத்துப் பெண் வாசலில் வந்து ஏன் வரவில்லை என்று கேட்டாள். பறிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

ஜூன் 30, வெள்ளி

இன்று ஒரு முழு செய்தித்தாள் பக்கம். இரண்டு மணி நேரம் ஆனது. பெர்த்தா பாதியில் தூங்கிவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

சட்டையில் ரத்தம். நேற்றுக் குளிக்கும்போது மச்சத்தின் மேல் தோல் உடைந்திருந்தது. நடுவில் சின்ன மொட்டு மாதிரி எழும்பியிருக்கிறது. தொட்டால் கசிகிறது. கூடையின் வார் உரசியிருக்கும் என்றாள். வார் வலது தோளில் போடுவாள். மச்சம் இடது பக்கம்.

காலண்டரைப் பார்த்தேன். தேய்பிறை, நாளை அமாவாசை. வெட்ட நல்ல நாள். வெட்ட ஆள் இல்லை. கடைசிச் சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம்.

இன்று படிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

ஜூலை 19, புதன்

வகுப்பில் ஐந்து வரி சொந்தமாக எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன்:

என் மனைவி பெர்த்தா. அவள் முதுகில் ஒரு மச்சம். அதை வெட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நிலா தேயக் காத்திருக்கிறோம். இப்போது ரத்தம் வருகிறது.

ஐந்து வரியும் நேராக இருந்தன. நல்ல மதிப்பெண் வரும் என்று நீட்டினேன். ஜூசாரா படித்தாள். திரும்பவும் படித்தாள். என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“ஐயா, டாக்டர் எப்போ சொன்னாங்க?”

“ஏப்ரல்ல.”

அவள் தாளைத் திருப்பித் தரவில்லை. தன் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஒன்று கால் விரலில் வந்தது என்றாள். அந்தப் பெரியம்மா என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இந்த மாதமே போங்கள் ஐயா, நிலா எப்படி இருந்தாலும் போங்கள் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஐந்து வரிக்கு இப்படி ஒரு பலன் வரும் என்று தெரியாது. வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் பஸ் பலகை, கடைப் பலகை, எதையும் படிக்கவில்லை.

ஜூலை 29, சனி

மெதுவாக எழுதுகிறேன். எல்லாம் எழுத வேண்டும்.

எட்டு மணிக்கே போனோம். டாக்டர் தெல்மா பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். சட்டையை விலக்கிப் பார்த்தாள். அக்குளுக்கு அடியில் விரலை விட்டு அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “மே மாசம் வரச் சொன்னேனே, ஏன் வரல?” என்று கேட்டாள். என்னைப் பார்த்துதான் கேட்டாள். தாளை அவள் என் கையில்தான் கொடுத்திருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெர்த்தா சொன்னாள்: “பறிப்பு, டாக்டர். ஆள் கிடைக்கல. நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னேன். இவர் போலாம் போலாம்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தார்.”

நான் பேசாமல் நின்றேன். இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு. என் மனைவி எனக்காகப் பொய் சொன்னாள், நான் பேசாமல் நின்றேன்.

ஞாயிறு வகுப்புக் குழந்தைகள் உட்காரும் அறையில்தான் அறுவை. சுவரில் நோவாவின் பேழைப் படம். பெர்த்தாவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். நான் வெளியே போகணுமா என்று கேட்டேன். அவள் கையை நீட்டினாள், அதனால் இருக்கச் சொன்னார்கள். மஞ்சள் மருந்து தடவினார்கள். மச்சத்தைச் சுற்றிப் பேனாவால் இலை மாதிரி ஒரு கோடு போட்டாள் டாக்டர். நான்கு இடத்தில் ஊசி. ஊசி எரியும் என்றாள், எரிந்தது போல, பெர்த்தா என் விரலை நெரித்தாள். அதன் பிறகு வலிக்கவில்லை என்றாள். அழுத்துவது மட்டும் தெரியுதாம், யாரோ முதுகில் மாவு பிசைகிற மாதிரி.

கத்தி கோட்டின் மேலேயே போனது. நான் பன்றி அறுத்தவன், கோழி அறுத்தவன். பார்க்க முடியவில்லை. பேழையில் ஏறும் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு வரிசைத் தையல், வெளியே ஒரு வரிசை. வெளியே ஒன்பது முடிச்சு, எண்ணினேன்.

எடுத்த துண்டை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் மாதிரி மருந்துக்குள் போட்டார்கள். காபிக் கொட்டை அளவு என்று எழுதியிருந்தேன். வெளியே எடுத்தபோது அதைவிடப் பெரிதாக இருந்தது. அடியில் ஒரு பகுதி நீலக் கறுப்பு. டப்பா மேல் ஒட்டிய தாளில் உதவியாளர் எழுதினாள்: பெர்த்தா லெம்கே, எழுபத்தொன்று, முதுகு, இடது. அதைப் படித்தேன். இன்னொருவர் கையெழுத்தில் அவள் பெயரை நான் படித்தது இதுதான் முதல் தடவை. ஊறுகாய் மாதிரி ஒரு டப்பாவின் மேல்.

வீட்டுக்கு வரும்போது, “ஏன் பொய் சொன்னே?” என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு உன்னைத் திட்டியிருப்பா. அப்புறம் மூணு நாள் நீ சாப்பிட மாட்டே. யாரு உன்கூட மல்லுக்கட்டறது” என்றாள்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பௌர்ணமி. காலண்டர் பார்க்காமலே தெரிகிறது. முற்றம் முழுக்க வெளிச்சம். சன்னலை மூடினேன்.

ஆகஸ்ட் 12, சனி

சுகாதார நிலையத்தில் தையல் பிரித்தார்கள். ஒன்பதும் வந்தன. தழும்பு நேர்கோடு. “உன் எழுத்தைவிட நேரா இருக்கா?” என்று கேட்டாள் பெர்த்தா. ஆமாம் என்றேன்.

சோதனை முடிவு 26-ம் தேதி. ஒருவேளை ஒன்றுமில்லாமல் இருக்கும். அப்பாவுக்கு எத்தனை மரு இருந்தது, எண்பத்திரண்டு வரை இருந்தாரே.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தேதி மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 26, சனி

ஆலயக் கூடத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க, எங்களை மட்டும் போதகரின் அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே நாற்காலி போட்டிருந்தது. நாற்காலி போட்டிருந்தபோதே தெரிந்துவிட்டது.

டாக்டர் தெல்மா தாளை மேசையில் வைத்து, படிக்கட்டுமா அல்லது நீங்களே பார்க்கிறீர்களா என்று கேட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், கிழவன் படிக்கக் கற்றிருக்கிறான் என்று. மரியாதையாகத்தான் கேட்டாள். நான் எடுத்தேன். முதல் வரி அவள் பெயர். இரண்டாவது வரி எனக்குத் தெரியாத நீளமான சொல். எழுத்தெழுத்தாகச் சேர்த்துப் படித்து முடித்தேன். படித்து முடித்ததும்தான் அந்தச் சொல் வேறு வாயிலிருந்து முன்பே கேட்டது என்று உறைத்தது. போதகரின் தம்பி அதில்தான் போனார். மெலனோமா.

கீழே ஆழம் என்று போட்டு, ஐந்து மில்லிமீட்டர்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். இது தோலில் வரும் புற்றுநோயிலேயே முரடு. அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம். அக்குளில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. நகரத்தில் படம் எடுக்க வேண்டும், சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். சொல்லும்போது பெர்த்தாவின் கையைப் பிடித்திருந்தாள். பெர்த்தா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள், என்னவோ அந்தப் பெண்ணுக்குத்தான் நோய் என்பது போல.

நான் கேட்டேன்: “ஏப்ரல்லயே எடுத்திருந்தா?”

“அதை இப்போ யாராலயும் சொல்ல முடியாது, ஐயா.”

“மே மாசம்?”

அவள் என்னையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து வகுப்பு அளவுகோலில் ஐந்து மில்லிமீட்டரைத் தேடினேன். ஒரு நெல்லின் நீளம்கூட இல்லை. அவ்வளவுதான். என் ஆள்காட்டி விரல் நகத்தில் பாதி. அந்த விரலை வைத்துத்தான் காலண்டர் படித்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அவ்வளவு படிச்சியே ரைனோல்டோ, அந்தத் தாளை மட்டும் ஏண்டா ஒழுங்கா படிக்கல. மே 27, எட்டு மணி. அதுல நிலாவைப் பத்தி ஒரு எழுத்து இருந்ததா? இருந்ததா சொல்லு.

செப்டம்பர் 6, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. ஜூசாரா வீட்டுக்கு வந்தாள். அன்றைய என் ஐந்து வரித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அடியில் சிவப்பில் ‘மிக நன்று’ என்று எழுதி, பிறகு அதை அடித்திருந்தாள்.

செப்டம்பர் 15, வெள்ளி

நகரம். எல்மாரும் கூட வந்தான். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு பெர்த்தா பையில் வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு வளையத்துக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். வெளியே காத்திருந்தபோது சுவரில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன். தீயணைக்கும் கருவி. கைகளைக் கழுவவும். அமைதி காக்கவும். படிக்க வேண்டாம் என்று நினைத்தாலும் கண் தானாகப் படிக்கிறது. முன்பெல்லாம் சுவர் வெறும் சுவராக இருந்தது.

நுரையீரலில் மூன்று. கல்லீரலில் ஒன்று. இனி வெட்டிப் பயனில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். ஒரு மருந்து உண்டு, ஏற்றிப் பார்க்கலாம், இந்த வயதில் உடம்பு தாங்குமா என்பது வேறு. பெர்த்தா கேட்டாள், அதற்கு வாராவாரம் பஸ்ஸில் வர வேண்டுமா என்று. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. அவள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள். எல்மார் கெஞ்சினான். நான் கெஞ்சவில்லை. நான் எந்த வாயால் கெஞ்சுவேன்.

திரும்பும் வழியில் கடலைப் பார்க்கணும் என்றாள். எழுபத்தொரு வயதில் முதல் தடவை. பத்து நிமிடம் பார்த்தாள். “சும்மா வந்துட்டு வந்துட்டுப் போகுது. வேலையே இல்லையா இதுக்கு” என்றாள்.

செப்டம்பர் 30, சனி

தேய்பிறை. காலண்டர் சொன்னபடியே.

அக்டோபர் 8, ஞாயிறு

அடுப்புக்குப் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி போட்டிருக்கிறோம். எங்கள் ஊரில் அக்டோபர் வெயில் காலத் தொடக்கம், இருந்தும் குளிருகிறது என்கிறாள். நாலு அடி நடந்தால் மூச்சு. இன்று எல்லாரும் ஆலயத்துக்குப் போயிருந்தார்கள். அவள் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். என்னால்தான். நான்தான் படித்தேன். நான்தான் செப்டம்பர் என்றேன். என்னவோ பெரிய படிப்பாளி மாதிரி.

அவள் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நிலா வளருதா தேயுதான்னு எனக்குத் தெரியாதா? ஐம்பத்தோரு வருஷமா இந்த வீட்டுல உருளைக்கிழங்கு நட்டது யாரு? காலண்டர்ல படம் வேற போட்டிருக்கு. அதுக்கு எழுத்து எதுக்கு?”

“அப்புறம் ஏன் தினம் என்னைக் கேட்டே?”

“நீ விரலை வெச்சுப் படிக்கறதைக் கேக்கத்தான். பல்லு முளைச்ச குழந்தை மாதிரி இருந்தே. அதை விட்டுட்டு நான் வானத்தைப் பாப்பேனா?”

நான் அழுதேன். இதை எழுதும்போது வெட்கமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “அந்தப் பொண்ணு கண்ணாடியை வெச்சுப் பாத்துட்டுப் பேச்சை நிறுத்தினாளே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பயமா இருந்தது. நீ வளர்பிறைன்னதும் அப்பாடான்னு இருந்தது. உன் நிலாவுக்குப் பின்னால நானும்தான் ஒளிஞ்சுக்கிட்டேன்.”

இதைக் கேட்டால் பாரம் குறையும் என்று யாராவது சொல்லலாம். குறையவில்லை. இவ்வளவு நாள் ஒரு குற்றம் இருந்தது. இப்போது, அவள் பயந்தாள், பக்கத்திலேயே படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை என்பதும் சேர்ந்துவிட்டது.

அக்டோபர் 21, சனி

குளியல். இப்போது லெனிரும் நானும் சேர்ந்து நாற்காலியில் வைத்துத் துடைக்கிறோம். தழும்பைச் சுற்றி மூன்று கறுப்புப் புள்ளிகள். மிளகு அளவு. லெனிர் என்னைப் பார்த்தாள். நான் பெர்த்தாவிடம் சொல்லவில்லை.

“என்ன சொல்லுது முதுகு?” என்று கேட்டாள்.

“நல்லா ஆறியிருக்கு” என்றேன். என் முறைக்கு நானும் ஒரு பொய்.

நவம்பர் 1, புதன்

காலையில் கேட்டாள்: “என்ன சொல்லுது இன்னைக்கு?” நான்கு மாதத்துக்குப் பிறகு. எழுந்து போனேன். காலண்டர் ஜூலையிலேயே நிற்கிறது, யாரும் தாளைத் திருப்பவில்லை. விரலை வைத்து, நவம்பர் ஒன்று, புதன், எல்லாப் பரிசுத்தவான்களின் நாள் என்று மனசிலிருந்தே படித்தேன். நிலாவைப் படிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு

இன்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு. நோட்டை எடு, எழுது என்றாள். நான் வேண்டாம் என்றேன். எழுதத்தான் கத்துக்கிட்டே, எழுது என்றாள். சோள ரொட்டி எப்படிச் செய்வதென்று சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. எனக்கும் அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது, சரியாகப் போனது.

சோள மாவு நான்கு குவளை. கோதுமை மாவு இரண்டு. ராசவள்ளிக் கிழங்கு இரண்டு, தோல் சீவித் துருவியது. சர்க்கரைவள்ளி பெரியது ஒன்று. முட்டை நான்கு. பன்றிக் கொழுப்பு இரண்டு கரண்டி. உப்பு கண்ணளவு. கண்ணளவென்றால் எவ்வளவு என்று கேட்டேன். “உன் கண்ணளவு இல்ல, என் கண்ணளவு” என்றாள். பிறகு யோசித்து ஒரு சின்னக் கரண்டி என்றாள். நேற்றைய மாவில் ஒரு கை எடுத்து வைத்திருந்து இதில் கலக்க வேண்டும். அடுப்பு சூடேறியதா என்று பார்க்க உள்ளே ஒரு பிடி மாவைத் தூவ வேண்டும். இருபது எண்ணுவதற்குள் சிவந்தால் சரி, கறுத்தால் காத்திரு. வாழை இலை மேல் வைத்து உள்ளே தள்ள வேண்டும். ஆறும்முன் வெட்டக் கூடாது.

படித்துக் காட்டு என்றாள். விரலை வைத்துப் படித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“இது எத்தனை பேருக்கு?”

“எப்பவும் போலத்தான். எல்மார் வீட்டுக்கும் சேர்த்து நீ சுடற அளவு.”

“லெனிர் கடை ரொட்டிதான் வாங்கறா. நீ எதுக்கு அவ்வளவு சுடணும், பூஞ்சை புடிச்சிடும். எல்லாத்தையும் பாதியாக்கி எழுது. இப்பவே எழுது, நான் பாக்கறேன்.”

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் பார்த்தாள். புதுப் பக்கம் திருப்பி எழுதினேன்.

சோள மாவு, இரண்டு குவளை.
கோதுமை மாவு, ஒன்று.
ராசவள்ளிக் கிழங்கு, ஒன்று.
சர்க்கரைவள்ளி, சின்னது ஒன்று.
முட்டை, இரண்டு.
கொழுப்பு, ஒரு கரண்டி.
உப்பு, சின்னக் கரண்டியில் அரை.
வாழை இலை, ஒன்று. இலையை மட்டும் பாதியாக்க வேண்டாமாம், அடி தீய்ந்துவிடும்.